ஒரே விலாசம், ஒரே பாட்டில்: ஃபதேபூர் பேரி முட்காட்டில் ஒரு தாவும் சிலந்தி

தில்லியில் கோடையில் பார்க்க என்ன இருக்கிறது என்று ஒரு வாசகர் போன வாரம் கேட்டிருந்தார். சிலந்தி இருக்கிறது. சிரிக்க வேண்டாம். குதுப்மினாரைப் பார்த்துவிட்டு, வாசலில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறவர்களுக்கு, அதற்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஒரு முட்காடு கிடப்பதே தெரியாது. நானும் என் கணவர் சிவராமனும் 1983 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்டுக்குப் போன கதை இது. நான் போன பயணங்களிலேயே மிகச் சிறியது. காலையில் கிளம்பி மாலையில் வீடு வந்துவிட்டோம். ஆனால் கேதார்நாத் போய்வந்தபோதுகூட நான் இவ்வளவு ஜம்பமாகத் திரும்பியதில்லை.

அப்போது எங்களுக்கு கோல் மார்க்கெட்டில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அவர் ஒரு மத்திய அமைச்சகத்தில் குமாஸ்தா. நான் ஒரு ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளர். சிலந்திகளைப் பிடித்து, ஸ்பிரிட்டில் போட்டு, எங்கே எப்போது பிடித்தது என்று சீட்டு எழுதி வைப்பது என் வேலை. அதிலும் தாவும் சிலந்திகள்தான் எனக்கு உயிர். இவை வலை பின்னி உட்கார்ந்திருக்கிற ஜாதி இல்லை. பூனை மாதிரிப் பதுங்கிப் பாயும். முன்னால் பெரிதாக இரண்டு கண்கள் உண்டு. நாம் நகர்ந்தால் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும். ஒரு சிலந்தி நம்மைத் திரும்பிப் பார்த்த பிறகு அதை மிதிக்க மனசு வராது.

இரண்டு வருடமாக அந்த முட்காட்டிலிருந்து ஒரு பச்சைத் தாவும் சிலந்தியைக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். அரிசியை விடக் கொஞ்சம் பெரிது, இளம்பச்சை, முதுகில் இரண்டு வெள்ளைக் கோடு. எந்தப் புத்தகத்திலும் இல்லை. புதிய இனம் என்று எனக்கு நிச்சயம். ஆனால் பதினொன்று பிடித்தும் பதினொன்றும் பெண். எங்கள் அதிகாரி ஒரு வங்காளி. எல்லோரும் அவரை தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவோம். ஆண் இல்லாமல் விவரித்தால் தன் கையெழுத்து கிடையாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். சிலந்தியில் ஆணின் முகத்தருகே இரண்டு குட்டிக் கைகள் உண்டு. அவற்றின் நுனி இனத்துக்கு இனம் வேறுபடும். அதை வைத்துத்தான் இனத்தை உறுதி செய்வார்கள். பெண்ணை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால், நாளைக்கு வேறொருவர் ஆணைக் கொண்டுவந்து வேறு பெயர் வைப்பார், குழப்பம் நூறு வருடம் போகும் என்பார் தாதா. அவர் சொன்னது நியாயம். எனக்குத்தான் நேரம் இல்லை. ஜூன் முப்பதோடு என் வேலை முடிகிறது. அதற்குப் பிறகு அலமாரிச் சாவி வேறொருவர் கைக்குப் போய்விடும். ஒரு இனத்தை முதலில் விவரிப்பவர் பெயர் அந்த இனத்தின் பெயருக்குப் பின்னால் என்றைக்கும் நிற்கும் என்பது எங்கள் துறையின் வழக்கம். அந்த இடம் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பேராசைதான், மறைப்பானேன்.

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். நான் பருத்திப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள். இவர் கையில் கறுப்புக் குடை. அந்தக் குடைக்கும் ஒரு கதை உண்டு. சிலந்தி பிடிக்க, குடையை விரித்துத் தலைகீழாகச் செடிக்குக் கீழே பிடித்துக்கொண்டு, செடியைத் தடியால் தட்ட வேண்டும். இருப்பதெல்லாம் குடைக்குள் கொட்டும். கறுப்புத் துணியில் எதுவும் தெரியாது என்று இவருடைய நல்ல வேட்டி ஒன்றைக் கிழித்துக் குடைக்குள்ளே வெள்ளையாகத் தைத்திருந்தேன். கல்யாண வேட்டி என்று இவர் இன்றைக்கும் சொல்வார். இல்லை. அது பொங்கலுக்கு எடுத்தது.

எனக்கு ஒத்தாசைக்கு வருகிற இந்த மனிதருக்குச் சிலந்தி என்றால் பயம். குளியலறையில் ஒன்றைப் பார்த்தால் குளிக்காமலே ஆபீசுக்குப் போகிறவர். காட்டை ஒட்டி இருந்த மணல் குவாரிப் பக்கம் என்னைத் தனியாக அனுப்ப மனம் இல்லாமல் வந்தார், அவ்வளவுதான்.

பஸ் மெஹ்ரோலி வரைதான். கோல் மார்க்கெட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு ஒரு ரூபாய். பையில் பதினாறு பென்சிலின் குப்பிகள். டிஸ்பென்சரியில் ஊசி போட்டுத் தூக்கியெறிகிறதைக் கேட்டு வாங்கிக் கழுவி வைத்திருப்பேன். ரப்பர் மூடி இறுக்கமாக இருக்கும், கைக்கு அடக்கம். பதினாறிலும் ஸ்பிரிட் நிரப்பியிருந்தேன். கூடவே ஒரு பெரிய பாட்டில் நிறைய ஸ்பிரிட். பென்சிலின் குப்பிகளை ஒன்றும் சொல்ல முடியாது. பெரிய பாட்டில்தான் காலை வாரியது. யூசுஃப் சராய் தாண்டுவதற்குள் மூடி கசிந்து, பஸ் முழுக்கச் சாராயக்கடை வாசனை.

முன் சீட்டுப் பெரியவர் திரும்பி இவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, அனுதாபமாகத் தலையை ஆட்டினார். கண்டக்டர் வந்து, காலை ஆறரை மணிக்கே ஆரம்பித்தாயிற்றா என்று ஹிந்தியில் கேட்டார். இவருடைய ஹிந்தி, ஆபீஸ் ஹிந்தி. கோபம் வந்தால் அதில் வினைச்சொல்லே வராது. நான் எழுந்து, இது குடிப்பதற்கில்லை, சிலந்திகளுக்கு என்றேன். அதோடு நிலைமை முற்றிலும் கெட்டது. அத்சினி அருகே எங்களை இறக்கிவிட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். தெருவில் நின்ற இவருக்கு மானம் தாங்கவில்லை. பஸ்ஸிலேயே விட்ட குடையை நான் ஓடிப்போய் வாங்கி வருவதற்குள் பெரிய பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்து, பதினாறு குப்பிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டி, உதறி, வரிசையாக மூடியும் வைத்துவிட்டார். ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்கிற மனிதர்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்பிரிட் இல்லாமல் சிலந்தி பிடிக்கப் போவது இலை இல்லாமல் பந்திக்குப் போவது மாதிரி. வாங்கவும் வழியில்லை, ஆய்வுக்கூடத்தில் அனுமதிச் சீட்டு போட்டுத்தான் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை பூட்டு. திரும்பிவிடலாம் என்றேன். இவர் காலிக் குப்பிகளைப் பைக்குள் அடுக்கினார். பிறகு, "உசுரோட கொண்டாந்தா என்ன கோமதி? குப்பி காலியாத்தான இருக்கு," என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது. உயிரோடு என்றால் அது அவர் மடியில்தானே பஸ்ஸில் வரும்.

குவாரிக்குச் செம்மணல் ஏற்றப் போகும் காலி லாரி ஒன்றை நிறுத்தினோம். அந்தக் காலத்தில் தில்லியில் வீடு கட்டுகிறவர்களுக்கெல்லாம் மணல் அங்கிருந்துதான். டிரைவர் ஃபரீதாபாத் பக்கத்து ஆள், வாட்டசாட்டமான மனிதர். சிலந்தி பிடிக்கப் போகிறோம் என்று இந்த முறை உண்மையைச் சொல்லவில்லை, மூலிகை என்றேன். மெஹ்ரோலி தாண்டி, சத்தர்பூர் வழியாக, ஃபதேபூர் பேரி கிராமத்தைக் கடந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, காட்டு விளிம்பிலேயே இறக்கிவிட்டார். மணி எட்டே கால். காசு வாங்க மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டு, குடையைக் காட்டி, "பெஹன்ஜி, இங்க மழை ஜூலையிலதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடத்தைச் சொல்கிறேன். சிவந்த மண், உடைந்த பாறை. சீமைக் கருவேலம் ஒரு பக்கம் மண்டிக் கிடக்கும். அதற்குள் போகாதீர்கள், ஒன்றும் கிடைக்காது. மேட்டுப் பக்கம் காட்டு இலந்தை, வெள்வேல மரம், நடு நடுவே கரீல். கரீல் என்பது இலையே இல்லாத முட்செடி, தண்டு மட்டும் பச்சை. ஏப்ரலில் அந்தப் பச்சைத் தண்டு முழுவதும் செங்கல் நிறத்தில் பூக்கும். கிராமத்தார் இதன் காயை ஊறுகாய் போடுவார்கள். என் பச்சைச் சிலந்தி இந்தத் தண்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது, தட்டினால்தான் விழும்.

இவர் குடையைப் பிடிக்க, நான் தட்டினேன். பத்தரை மணிக்குள் எட்டுச் செடி. பச்சை நான்கு கிடைத்தது. நான்கும் பெண். ஒவ்வொன்றையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே இரண்டு தடவை பார்த்தேன். இவற்றோடு வழக்கம்போல ஒரு சிவப்புத் தாவும் சிலந்தியும் அடிக்கடி விழுந்தது. அது வேறு வகை. உருவத்தில் சிறிது, ஒல்லி, கறுப்பு முகம், செங்கல் நிற முதுகு, முன்னங்கால் மட்டும் தடிமன். ஆய்வுக்கூடத்தில் ஏற்கனவே ஏழு இருந்தது. எனக்கு வேண்டாம் என்று தட்டித் தட்டி விட்டேன். இவருக்கு அது பிடித்துவிட்டது. சிலந்தி பிடிக்கும் என்று அர்த்தமில்லை. அது மெதுவாகத் தாவுவதால் பயம் குறைவு. நான் வேண்டாம் என்றதையெல்லாம் இவர் குப்பியில் பிடித்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அனல் காற்று ஆரம்பித்தது. ஒரு வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோன பரோட்டாவும் உருளைக்கிழங்கும் பிரித்தேன். சாப்பிடுவதற்கு முன் குப்பிகளை எண்ணிச் சரிபார்ப்பது என் பழக்கம். எண்ணினால், ஒரு குப்பியில் பச்சையும் சிவப்பும் சேர்ந்து இருக்கிறது.

எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. உயிரோடு இரண்டு சிலந்தியை ஒரு குப்பியில் போட்டால் மிஞ்சுவது ஒன்றுதான். அதுவும் காலையிலிருந்து கிடைத்ததிலேயே பெரிய பச்சை. நான் கத்தியது குவாரி வரைக்கும் கேட்டிருக்கும். வேட்டியில் ஆரம்பித்து, ஸ்பிரிட், பஸ், அவர் ஆபீஸ், அவர் அக்கா என்று எல்லாவற்றையும் இழுத்தேன். இவர் பரோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, நிதானமாக விளக்கம் சொன்னார்.

"ரெண்டும் ஒரே செடியில இருந்துதான விழுந்துது. ஒரே விலாசம். அதான் ஒரே பாட்டில்ல போட்டேன். ஆபீஸ்ல அப்படித்தான் ஃபைல் போடுவோம்."

குமாஸ்தா மூளை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, சண்டையைப் பிரிக்கக் குப்பியைக் கையில் எடுத்தேன். இவரும் எட்டிப் பார்த்தார்.

சண்டை நடக்கவில்லை. பச்சை அடியில் அசையாமல் நின்றிருந்தது. சிவப்பு அதற்கு எதிரே, இரண்டு தடித்த முன்னங்கால்களையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இடது பக்கம் நான்கு எட்டு வைத்தது, நின்றது. வலது பக்கம் நான்கு எட்டு, நின்றது. உடம்பின் பின்பக்கம் படபடவென்று ஆடியது. பிறகு கொஞ்சம் கிட்டே வந்து, மறுபடியும் இடது, மறுபடியும் வலது. பச்சை தன் பெரிய கண்களால் அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இவர் மெதுவாகச் சொன்னார்: "இது அடிக்க வந்த மாதிரி தெரியல கோமதி. பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா இருக்கு."

நோட்டுப் புத்தகத்தை எடுக்க, குப்பியை அவரிடம் கொடுத்துவிட்டேன். அவர், சிலந்திக்குப் பயந்த அந்த மனிதர், அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தார். நான் வாட்சைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஆரம்பித்த ஆட்டம். பன்னிரண்டு பத்துக்குச் சிவப்பு, பச்சையின் முதுகில் ஏறியது. பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு இறங்கி ஓடிற்று. பச்சை அதைத் தின்னவில்லை. பரோட்டா எறும்புக்குப் போயிற்று. நான் அழுதேன், சிரித்தேன், இவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அந்த இரண்டும் இரண்டு வகை இல்லை, புருஷனும் பெண்டாட்டியும்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது என்று சொல்வார்களே, அது நான்தான். ஆய்வுக்கூடத்தில் பதினொரு பச்சை ஒரு பாட்டில், அத்தனையும் பெண். ஏழு சிவப்பு அடுத்த அலமாரியில், அத்தனையும் ஆண். இரண்டு வருடம் இரண்டு பாட்டிலையும் துடைத்து வைத்திருக்கிறேன், ஒருமுறை கூடத் தோன்றவில்லை. பிடித்த நிமிடமே ஸ்பிரிட்டில் போடு என்பதுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். ஸ்பிரிட்டில் போட்டால் பச்சையும் வெளுத்துவிடும், சிவப்பும் பழுப்பாகிவிடும். செத்த பிறகு யார் யாருக்கு முன்னால் ஆடப்போகிறார்கள்? அன்றைக்குச் சாக்கடையில் கொட்டிய ஸ்பிரிட்டுக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். இதை இவரிடம் நேரில் சொன்னதில்லை. தலைகால் புரியாது.

இரண்டரைக்கு நடக்க ஆரம்பித்தோம். ஃபதேபூர் பேரியில் டெம்போ பிடித்து மெஹ்ரோலி, அங்கிருந்து பஸ். பதினாறு குப்பியும் இவர் மடியில். பக்கத்து சீட்டுக்காரர் என்ன என்று கேட்டதற்கு, "சம்பந்தி வீட்டுக்காரங்க," என்று தமிழில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறு பத்துக்கு வீடு.

தாதா லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஒருமுறை பார்த்தது போதாது, மறுபடியும் பார் என்றார். அடுத்த இரண்டு ஞாயிறும் போனோம், இன்னும் மூன்று ஜோடி பார்த்தோம். மூன்றும் அதே இடது, அதே வலது. பிறகு நுண்ணோக்கி வேலை. பெண்ணின் அடிவயிற்றுப் பகுதியைக் கிராம்பு எண்ணெயில் ஊறவைத்தால் கண்ணாடி மாதிரி தெளியும். அறை முழுக்கப் பல்வலி மருந்து வாசனை. ஆணின் குட்டிக் கையை மூன்று கோணத்தில் வரைந்தேன். ஏழு பழைய சிவப்புக்கும் புதியதற்கும் அச்சு அசலாக ஒரே நுனி. படங்களை வெளிநாட்டில் இருந்த ஒரு நிபுணருக்கு விமானத் தபாலில் அனுப்பினேன். ஜூன் இரண்டாம் வாரம் பதில் வந்தது. இப்படி ஒன்றைத் தான் எங்கும் கண்டதில்லை, தயங்காமல் விவரிக்கவும் என்று எழுதியிருந்தார். தாதா கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, கேண்டீனிலிருந்து ரசகுல்லா வரவழைத்தார். கையெழுத்தும் போட்டார். என் வேலை முடியப் பதினாறு நாள் இருந்தது.

மீதியைச் சொல்வதற்கு முன், போகிறவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன். இப்போது குவாரி மூடியாயிற்று, அது சரணாலயம். எதையும் பிடிக்கக் கூடாது, பிடித்தால் வழக்கு. படம் எடுக்கலாம். உள்ளே போவதற்கான அனுமதியை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் இப்போது இருக்கிற ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் ஹௌஸ் காஸ் மாறி சத்தர்பூர், அங்கிருந்து ஆட்டோ. மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை, கரீல் பூத்திருக்கும்போது போங்கள். எட்டு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும், பதினொன்றுக்கு வெளியே வந்துவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். செருப்பு வேண்டாம், முள் ஏறும். ஒரு செடிக்கு முன்னால் அரைமணி நேரம் சும்மா உட்காருங்கள். சிவப்பு முதலில் தெரியும், பச்சை அதன் பக்கத்தில்தான் எங்கோ இருக்கும். குடும்பத்தில் சிலந்திக்குப் பயப்படுகிறவர் யாராவது இருந்தால் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

இனி அந்தக் கடைசி விஷயம். கட்டுரையைத் தட்டச்சுக்குக் கொடுக்கும்போது தாதா என் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். இனத்தின் பெயருக்குப் பின்னால் அதைத்தான் போடுவார்கள். உலகம் முழுக்க அதுதான் முறை. எனக்கு ஏது குடும்பப் பெயர்? கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு இவர் பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். அப்படியானால் கணவர் பெயரைப் போட்டுவிடலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார் தாதா. எனக்கும் அதில் தப்பு தெரியவில்லை. ஜோடியைச் சேர்த்துவைத்ததே அவர்தானே, போகட்டும் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, உங்கள் பெயர்தான் நிற்கப்போகிறது என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

இவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "குவார்ட்டர்ஸ் என் பேர்ல. ரேஷன் கார்டு என் பேர்ல. பால் கார்டும் என் பேர்ல. இதுலயும் எனக்கு எதுக்கு? வெயில்ல காஞ்சு தட்டுனது நீ. உன் பேரப் போடு."

மறுவருடம் அச்சான பிரதி தபாலில் வந்தது. மேலுறையில் பழக்க தோஷத்தில், திருமதி சிவராமன் என்று எழுதியிருந்தார்கள். உள்ளே முதல் பக்கத்தில், கரீல் செடியை வைத்து நான் சூட்டிய லத்தீன் பெயர் சாய்ந்த எழுத்தில் இருந்தது. உலகத்தில் எந்த மொழிக்காரர் அந்தச் சிலந்தியைப் பற்றி எழுதினாலும், எந்தப் பட்டியலில் சேர்த்தாலும், அந்தப் பெயரோடு சேர்த்து இன்னொரு பெயரையும் எழுதியாக வேண்டும். அப்பா பெயரும் இல்லை, கணவர் பெயரும் இல்லை, முன்னால் ஒரு முதலெழுத்துகூட இல்லை.

கோமதி, 1984.